நாலு அங்குலம்

இஸ்திரிப் பெட்டி ஓர் இடத்தில் தடுக்கியது.

எந்தச் சட்டையானாலும் டேப்பக்கா உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் முதலில் தேய்ப்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் அவளுடைய தையல்கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் டேப்பக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அன்று காலை ஒன்பதரை மணி. நாலு பேருடைய உடுப்பும் கட்டிலில் வரிசையாகக் கிடந்தது. பதினொன்றரைக்குக் குடும்பப் படம் எடுக்க ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். கடைசியாகத் தேய்க்க எடுத்தது கணவருடைய கரும்பச்சைச் சட்டை. அதன் பக்கத்தையலில்தான் பெட்டி தடுக்கியது.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தாள். அங்கே ஒரு மடிப்பு இருந்தது. அவள் போட்ட மடிப்பு இல்லை. அவளுடைய தையல் பொடித்தையல். இது சற்று நீளம். நூலும் ஒரு சாயல் வெளுப்பு. தையல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டி நிறுத்தியிருந்தார்கள். அவள் இரண்டு தடவைதான் ஓட்டுவாள்.

யாரோ இந்தச் சட்டையைப் பிடித்துச் சிறிதாக்கியிருக்கிறார்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம். முன்னும் பின்னுமாகக் கணக்குப் போட்டால் மொத்தம் நாலு அங்குலம்.

இரண்டு நாளைக்கு முன்பு, பிள்ளைகள் இருவரும் ஊரிலிருந்து வந்து இறங்கிய மாலை, எல்லோரும் உடுப்பைப் போட்டுப் பார்த்தார்கள். கணவருக்குச் சட்டை அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தது. "அப்பா ஹீரோ மாதிரி இருக்கார்" என்றான் சின்னவன். டேப்பக்கா முகவாயை நிமிர்த்திக்கொண்டு, "அளவே எடுக்காம தைச்சேனாக்கும்" என்று பீற்றிக்கொண்டாள். போன வருட அளவு நாற்பத்திரண்டு. நோட்டில் பார்த்து அப்படியே வெட்டியிருந்தாள். நாற்பத்திரண்டில் தைத்த சட்டையில் நாலு அங்குலம் பிடித்த பிறகும் அது அவருக்குச் சரியாக இருக்கிறதென்றால், அவர் உடம்பு எங்கே போயிற்று?

அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

இந்த வீட்டில் விடுமுறைப் படம் என்பது சாதாரண விஷயமில்லை. ஆண்டு முடிவு விடுமுறையில் நாலு பேரும் ஒன்றாக நின்று எடுத்த படங்கள் மாடிப்படிச் சுவரில் பதினான்கு தொங்குகின்றன. பதினான்கிலும் ஒரே துணித்தானில் வெட்டிய உடுப்பு. ஒரு வருடம் எல்லோரும் நீலக் கட்டம், ஒரு வருடம் எல்லோரும் பூப்போட்டது. "ஒரே தார்ப்பாயில நாலு ஓட்டை போட்டுத் தலையை விட்ட மாதிரி இருக்கோம்மா" என்று சின்னவன் கிண்டல் செய்யாத வருடம் இல்லை.

இந்த வருடம் வேறு ஊரில் வங்கி வேலையிலிருக்கும் மகள் போர்க்கொடி தூக்கினாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் செல்போனில் முகம் பார்த்தபடி நாலு பேரும் பேசினார்கள்.

"ஒரே துணி வேணவே வேணாம்மா. இப்ப யாரும் அப்படிப் போடறதில்ல. கலர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும், அவ்வளவுதான். எனக்குக் கடுகு மஞ்சள், தம்பிக்குச் செங்கல் கலர், உனக்குக் கரும்பச்சை, அப்பாவுக்கு வெளிர் பழுப்பு."

டேப்பக்கா முறுக்கிக்கொள்வதற்குள், துணி விஷயத்தில் ஜென்மத்தில் வாய் திறக்காத மனிதர் திறந்தார்.

"வெளிர் கலர் எனக்கு வேணாம். அம்மாவோட கரும்பச்சையை எனக்குக் கொடுத்துடு. துணி கெட்டியா இருக்கட்டும். முழுக்கை."

"அடடா, அப்பாவுக்கு ஃபேஷன் வந்துடுச்சு!" என்று இருவரும் கத்தினார்கள்.

"ரெண்டு பேரும் இந்த வருஷம் கட்டாயம் வரணும். சாக்குப்போக்குச் சொல்லக் கூடாது" என்றார் அவர், சிரிக்காமல்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். வெளிர் நிறத்தில் எலும்பு தெரியும், அடர்ந்த நிறத்தில் மறையும் என்பது அவள் தொழிலில் பாலபாடம். ஆனால் அந்த மாதம் பள்ளிச் சீருடை இருநூற்றுப் பத்து உருப்படி. தலைக்கு மேல் வேலை. "அளவு எடுக்கணும், நில்லுங்க" என்று அவள் டேப்பை உருவியபோது, "இத்தனை வருஷமா தைக்கிற, என் அளவு உனக்குத் தெரியாதா?" என்றார் அவர். அந்தப் புகழ்ச்சியில் மயங்கினாள். குளிர் என்று சொல்லி வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டரும் அதன்மேல் வேலைக்கோட்டுமாகத் திரிந்தார். "மூஞ்சி இளைச்சிருக்கே" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஓடாத லிஃப்டைப் பார்க்கத்தானே கூப்பிடுறாங்க? பத்து மாடியும் படியேறித்தான் போகணும், இளைக்காம என்ன செய்யும்?" என்றார். அவளும் சிரித்துவிட்டு மெஷினை மிதித்தாள். தெருவில் போகிறவனைப் பார்த்தே இடுப்பளவு சொல்கிறவள், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மனிதரைப் பார்க்கவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மணி ஒன்பது நாற்பத்தைந்து.

மூன்று தடவை ஓட்டி நிறுத்துகிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருக்கும் கத்தரியம்மா. இருவரும் நாலு வருடமாக ஒருவர் நிழலை ஒருவர் மிதிப்பதில்லை. தகராறு துணி விடுவதில் தொடங்கியது. டேப்பக்கா எதைத் தைத்தாலும் பக்கத்தையலுக்கு உள்ளே இரண்டு விரல்கடை துணி விடுவாள். உடம்பு ஏறும், இறங்கும், துணி தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. கத்தரியம்மா உள்ளே ஒரு நூல்கூட விட மாட்டாள். ஒட்ட வெட்டி ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் போட்டால்தான் சுத்தம் என்பாள். "அந்தக் கடையில தைச்சா சட்டைக்குள்ள இன்னொரு சட்டை இருக்கும்" என்று அவள் வாடிக்கையாளர்களிடம் சொன்னது இவள் காதுக்கு வர, பேச்சு நின்றுவிட்டது.

பெட்டியை அணைத்தாள். சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். கூடத்தில் மகள் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? நேரமாகுது!"

"நூல் வாங்கணும். அஞ்சு நிமிஷம்."

"அப்பா சட்டை?"

"வந்து கொடுக்கறேன்."

தெருவில் அவள் நடந்தது நடையில்லை. கத்தரியம்மாவின் கடையில் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். கத்தரியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி நிமிர்ந்து பார்த்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு வருகிறவளை ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அதுவே டேப்பக்காவுக்குப் பயமாக இருந்தது.

"இது உன் கைதானே?" என்று சட்டையை வெட்டுமேஜையில் விரித்தாள்.

"என் கைதான். உட்காரு."

"உட்கார வரல. எதுக்கு வந்தார், என்ன சொன்னார், எல்லாத்தையும் சொல்லு."

கத்தரியம்மா எழுந்து ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினாள். "இது முதல் தடவை இல்ல. மூணு மாசமா வர்றார். முதல்ல ரெண்டு பேண்ட். அப்புறம் வேலைக்குப் போடுற சட்டை எல்லாம். உன்கிட்ட கொடுக்காம ஏன் இங்கேன்னு கேட்டேன். அவளுக்கு நேரமில்லன்னார். போன வாரம் இதைக் கொண்டு வந்தார். இது அவ தைச்சது, அவளுக்குத் தெரியாம பிடிச்சுக் கொடுங்கன்னார்."

"தெரியாமலா? எனக்கா?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அவ இஸ்திரி போடுறப்பவே கண்டுபிடிச்சுடுவான்னேன். அதுக்குத்தான் உள்ளே இருக்கிற துணியை ஒட்ட வெட்டிடுங்க, மடிப்பு தட்டாதுன்னார்."

கத்தரியம்மா சட்டையைத் திருப்பி அந்த மடிப்பை விரலால் நீவினாள்.

"வெட்டினா அப்புறம் பெருசாக்க முடியாது, யோசிச்சுச் சொல்லுங்கன்னேன். 'இனிமே பெருசாக்க வேண்டி வராதும்மா'ன்னார். சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குக் கத்தரியை எடுக்கக் கை வரல. இத்தனை வருஷத்துல நான் வெட்டாம விட்ட துணி இது ஒண்ணுதான்."

பிறகு குண்டூசி டப்பாவுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். "பேண்ட் பையில இருந்துச்சு. குப்பையில போடுங்கன்னார். போட மனசு வரல. உன்கிட்ட எப்படிக் கொடுக்கிறதுன்னும் தெரியல. நமக்குள்ள பேச்சு இல்லையே."

ஆஸ்பத்திரிச் சீட்டு. அறுவைச் சிகிச்சைப் பிரிவு. சேர வேண்டிய நாள் பன்னிரண்டாம் தேதி, காலை ஏழு மணி, வெறும் வயிற்றில். ஏற்கெனவே கடந்துபோன பன்னிரண்டாம் தேதி.

அன்றைக்குத்தான் அவள் இந்தச் சட்டைக்குத் துணி வெட்டினாள். அவர் வேலைக்குப் போகாமல் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வேலை இல்லையா?" என்று கேட்டாள். "லீவு. சும்மா உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "சும்மா இருக்கிற கைக்கு வேலை தர்றேன்" என்று ஒரு டப்பா நிறையப் பாபினைக் கொடுத்தாள். சாயங்காலம் வரை அவர் நூல் சுற்றினார்.

"போ. அவரைத் திட்டாத" என்றாள் கத்தரியம்மா.

"திட்டத்தான் போறேன்" என்றாள் டேப்பக்கா. சட்டையையும் சீட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பத்தரை. உள்ளே ஒரே அமளி. சின்னவனின் சாக்ஸ் நிறம் ஒத்துப்போகவில்லை என்று மகள் அவனைத் துரத்திக்கொண்டிருந்தாள். கணவர் ஸ்வெட்டரோடு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முடியைப் படிய வாரி, முகத்துக்கு லேசாகப் பவுடர்கூடப் போட்டிருந்தார்.

"சட்டை ரெடியா?"

"கடைக்குள்ள வாங்க. ஒரு பட்டன் பார்க்கணும்."

வீட்டின் முன்னறைதான் கடை. அவர் உள்ளே வந்ததும் நடுக்கதவைச் சாத்தினாள்.

"ஸ்வெட்டரைக் கழட்டுங்க."

"எதுக்கு? குளிருது."

"கழட்டுங்க."

அவள் கையிலிருந்த சட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திரும்பியிருந்ததை அவர் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ஸ்வெட்டரைக் கழற்றினார், உள்ளே போட்டிருந்த சட்டையையும் கழற்றினார். பனியனோடு நின்றார். தோள்பட்டை இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. டேப்பக்கா கழுத்து டேப்பை உருவி அவர் மார்பைச் சுற்றினாள். முப்பத்தெட்டு. இடுப்பைச் சுற்றினாள். டேப்பின் முனை போன வருடத்து இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிற்று. மறுபடியும் சுற்றினாள்.

"கத்தரியம்மா சொல்லிட்டாங்களா?"

"உங்க சட்டை சொல்லுச்சு. என்ன வியாதி?"

"குடல்ல ஒரு கட்டி."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வெட்டி எடுக்கணும்னார். இப்பவே எடுத்தா தேறிடலாம், தள்ளிப்போட்டா சொல்ல முடியாதுன்னார்."

"பன்னிரண்டாம் தேதி ஏன் போகல?"

அவர் தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பார்த்தார். "போனேன். வாசல் வரைக்கும் போனேன். எங்க அண்ணனும் நடந்துதான் உள்ளே போனார். ரெண்டு நாள் கழிச்சு நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. காலு நகரல. திரும்பிட்டேன்."

"அப்புறம்?"

"படத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு…"

"பொய். இனிமே பெருசாக்க வேண்டி வராதுன்னு சொன்னீங்களாம். துணியை வெட்டிடச் சொன்னீங்களாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவன் ஏதோ சொல்ல, மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பசங்க நாளைக்கு ஊருக்குப் போயிடுவாங்க" என்றார் தணிந்த குரலில். "இந்த ஒரு படத்துலயாவது நான் பழையபடி இருக்கணும். அவங்க சுவர்ல மாட்டி வைக்கிற கடைசி…"

"வாயை மூடுங்க!" அவள் கத்திவிட்டாள். பிறகு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "லிஃப்ட் நின்னா கதவைத் திறந்து உள்ளே பார்க்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்க விஷயத்துல மட்டும் கதவை இழுத்துச் சாத்திக்கிட்டு, மேலே நான் கலர் பார்த்து உறை தைச்சுப் போடணுமா? எனக்குப் பயமா இருக்குங்க. ஆனா உங்களை மாதிரி ஓட மாட்டேன்."

மெஷின் மேலிருந்த பிளேடை எடுத்தாள். மூன்று ஓட்டு ஓட்டிய முனையில் வைத்து ஒரு தையலை அறுத்தாள். இழுத்தாள். கத்தரியம்மாவின் நூல் சரசரவென்று பிரிந்து வந்தது. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கமும் பிரித்தாள். சட்டை மறுபடியும் நாற்பத்திரண்டாயிற்று.

"இதைப் போட்டுக்கிட்டு வெளியே வாங்க."

"தொளதொளன்னு தொங்கும். பசங்க கண்டுபிடிச்சுடுவாங்க."

"நீங்களே சொல்லுங்க. அவங்க சின்னப் பிள்ளைங்க இல்ல. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். அப்ப அது இன்னும் கேவலம்."

அவர் சட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. அவர் திரும்பித் தெருக்கதவு வழியாகப் போய்விடுவாரோ என்று டேப்பக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. தெருக்கதவுக்கு மூன்றே அடிதான். அவள் மறிக்கவில்லை. மறித்து நிறுத்தி என்ன பயன்?

அவர் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கையை நுழைத்தார். ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். நடுக்கதவைத் தானே திறந்தார்.

மகள் சீப்போடு நின்றிருந்தாள். முதலில் சட்டையைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

"அப்பா… முந்தாநாள் சரியா இருந்துச்சே? ஏன் இப்படித் தொங்குது?"

"முந்தாநாள் போட்டது திருட்டுத் தையல்மா. உட்காருங்க ரெண்டு பேரும். ஒரு விஷயம் சொல்லணும்."

அவர் சொன்னார். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார். சின்னவன் ஒரு காலில் சாக்ஸோடும் ஒரு காலில் இல்லாமலும் உட்கார்ந்திருந்தான். மகள் அழுதுகொண்டே அம்மாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றாள். "ஒரு மணி நேரமாத் தெரியும்" என்றாள் டேப்பக்கா. பன்னிரண்டாம் தேதிச் சீட்டை அம்மாவிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, அதிலிருந்த எண்ணுக்கு மகள் போன் போட்டாள். விடுமுறை என்பதால் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஏழாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்தார். போனை அப்பாவின் கையில் வைத்தாள் மகள்.

"நீங்களே கேளுங்கப்பா."

அவர் போனைக் காதில் வைத்தார். "பன்னிரண்டாம் தேதி வராம போன ஆள் பேசறேம்மா" என்று தொடங்கினார். எதிர்ப்பக்கம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் திங்கட்கிழமை காலை ஏழு மணி, வெறும் வயிற்றில் என்றார்கள். சின்னவன் அப்போதே தன் கல்லூரி விடுதிக்குப் போன் செய்து திங்கட்கிழமை வர முடியாது என்று சொன்னான். அக்கா சொல்லாமலே சரியான சாக்ஸைத் தேடி மாட்டிக்கொண்டான்.

ஸ்டூடியோவுக்குப் போனபோது பன்னிரண்டு பத்து. போட்டோக்காரர் உர்ரென்று இருந்தார். நாலு பேரின் சிவந்த கண்களைப் பார்த்ததும் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். கடுகு மஞ்சளையும் செங்கல் நிறத்தையும் பின்னால் நிறுத்தினார். கரும்பச்சையையும் வெளிர் பழுப்பையும் முன்னால் உட்கார வைத்தார். கேமராவுக்குள் பார்த்தார். தலையைத் தூக்கினார். பெட்டியிலிருந்து இரண்டு கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சட்டை கொஞ்சம் லூசா இருக்கு சார். முதுகுப் பக்கம் ரெண்டு கிளிப் போட்டா முன்னாடி கச்சிதமா விழும். படத்துல தெரியவே தெரியாது. எல்லாருக்கும் செய்யறதுதான்."

டேப்பக்கா அவரைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லப் போவதில்லை. இதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் கையை உயர்த்திக் கிளிப்பைத் தள்ளினார்.

"வேணாம்பா. அப்படியே எடு. இதுதான் என் அளவு."